எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டனைக் காணோம்: மூன்று வருடம் பழகிய போன்

போன வாரம் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தேன். சர்வீஸ் சென்டரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்கள். படங்களும் நம்பர்களும் பேக்கப்பிலிருந்து வந்துவிட்டன. ஆனாலும் இரண்டு நாள் வேறு யாருடைய போனையோ கையில் வைத்திருப்பது போலவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, மாற்றுத்திறனாளிகளுக்கென்று போன் செட்டிங்ஸில் இருக்கும் அக்சஸிபிலிட்டி பகுதியில் நான் போட்டு வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

எனக்குக் கண்ணிலோ காதிலோ குறை எதுவும் இல்லை. ஆனால் லைவ் கேப்ஷன் இல்லாமல் என் காலை ஓடாது. காது கேளாதவர்களை மனதில் வைத்து கூகுள் 2019இல் கொண்டுவந்தது அது. போனில் ஓடும் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும். நெட் வேண்டாம். சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தாலும் எழுத்து வரும். மும்பை லோக்கல் ரயிலில் முலுண்டில் ஏறி ஒரு கையால் பிடியில் தொங்கிக்கொண்டே, மேனேஜர் அனுப்பும் நீளநீளமான ஆங்கில வாய்ஸ் மெசேஜ்களைப் படித்து முடித்துவிடுவேன். ஹெட்செட் மாட்டாததால் தாதர் அறிவிப்பும் காதில் விழும். நம் ஊர்ப் பெயர்களைத் தப்பும் தவறுமாக எழுதும், போகட்டும்.

அடுத்தது பெரிய எழுத்து. ஆண்ட்ராய்டு 14 வந்தபின் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். குலுங்கும் பெட்டியில் பொடி எழுத்து யார் கண்ணுக்கும் நிற்காது.

மூன்று வருடமாக என்னைக் கடுப்பேற்றுவது இங்கேதான். என் வங்கியின் ஆப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் பணம் அனுப்பும் பட்டன் திரைக்குக் கீழே போய்விடும், தள்ளினாலும் மேலே வராது. 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று, இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் 2008லிருந்தே சொல்கின்றன. கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்ட முடியாத ஆசிட் வீச்சுப் பெண்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது. நான் எழுத்தைச் சுருக்கிவிட்டுப் பணம் அனுப்பிவிடுவேன். பெரிய எழுத்தில்லாமல் படிக்கவே முடியாதவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்ட வேண்டும், கணக்கில் இருப்பதையும் காட்ட வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. மூன்று முறை புகார் எழுதினேன். ஆப்பின் நிறம் மட்டும் மாறியது.

போன் மேல் தப்பில்லை, தெரியும். பேட்டரி இன்னும் ஒரு நாள் தாங்குகிறது. இந்த வசதிகளை இத்தனை சுலபமாக எடுத்துக் கொடுத்ததும் இதே போன்தான். இந்த போன் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று மாட்டுங்கா நண்பன் நேற்று ராத்திரி கேட்டபோது, கரண்ட் பில் கட்டுவதற்காக எழுத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்டா" என்று அனுப்பிவிட்டேன்.