ஏற்காட்டு ஈரத்தில் மூன்று ஆண்டுகள்: ஒரு விஷன் போர்டின் கதை

சேலத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, கார்க் பலகை விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வரும் ஆண்டுக்குத் தானும் ஒரு விஷன் போர்டு, அதாவது ஆசைப்படுவதையெல்லாம் படமாகக் குத்தி வைக்கும் பலகை, செய்து மாட்டலாமா என்று கேட்டாள். மூன்று ஆண்டுகளாக அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நான் யோசிக்காமல் சொன்ன பதில், "வாங்காதேடி" என்பதுதான். அன்று காலைதான் காஷ்மீரத்து டால் ஏரிப் படகின் படம் மறுபடியும் கழன்று, காப்பிக் கொட்டை மூட்டையின் பின்னால் போய் விழுந்திருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

என்னுடையது 2 அடிக்கு 3 அடி அளவில், அலுமினியச் சட்டம் போட்ட சாதாரணப் பலகை. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாங்கி, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியை விட்டு இறக்காமல் பேருந்தில் கொண்டு வந்தேன். மலையின் ஈரத்துக்குத் தாங்குமா என்று கேட்டபோது கடைக்காரர், "கார்க்குங்க, பாட்டிலுக்கே மூடியா போடறது" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. மரப்பட்டையான கார்க் எளிதில் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் மெல்லிய அந்தக் கார்க்கின் முதுகில் ஒட்டியிருந்த அழுத்திய மரத்தூள் அட்டை, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டின் முதல் ஐப்பசியிலேயே, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் நடுவில் எழும்பிவிட்டது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது படம் குத்தும் பின்களைத்தான். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் தலை வைத்த அந்தப் பின்களின் கால் இரும்பு என்பது கீழ்நாட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஆனியில் தொடங்கும் மழையும், ஐப்பசி கார்த்திகையில் சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும் மூடுபனியும் சேர்ந்து, ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் ஒரு பழுப்பு வட்டத்தை வரைந்துவிட்டன. எங்கள் 2 ஏக்கர் காப்பியைக் காயவைக்க ஒரு சிமென்ட் களம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒட்டிய படத்தில், களத்தின் நடுவே துரு ஒழுகி, மழைத்தண்ணீர் தேங்கியது போலவே இருந்தது. கழற்றப் பார்த்தால் பச்சைத் தலை மட்டும் கையோடு வந்தது. கால் பலகையிலேயே நின்றுவிட்டதால் குறடு வைத்துப் பிடுங்கினேன், அத்தோடு ஒரு கை கார்க்கும் பெயர்ந்து வந்தது.

இருபக்கப் பசைநாடா ஒரே மழையில் கைவிட்டது. படங்களை லேமினேட் செய்து மாட்டியபோது நான்கு நாள் வெற்றி பெற்றவளாக உணர்ந்தேன். பிறகு பின் குத்திய துளை வழியாக ஈரம் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே வெள்ளையாகப் படர்ந்தது. பித்தளை என்று சொல்லி விற்ற பின்களின்மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். தாவி வந்து ஒட்டிக்கொண்டன.

முதல் ஆண்டில் பலகையை ஜனவரி 1 அன்று செய்தது என் தவறு. அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். பகலெல்லாம் கையில் பிசுபிசுப்பு, இரவில் அரைத் தூக்கத்தில் பழைய வார இதழ்களிலிருந்து வெட்டிய படங்கள் எல்லாமே வேறு யாருடைய வீடாகவோ இருந்தன. காப்பிக்காரிக்கு ஆண்டு என்பது பறிப்பு முடிந்து, கோடை மழைக்குப் பூ வெடித்த பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டிலிருந்து சித்திரை 1-க்கு மாற்றிக்கொண்டேன். கோவைப் பக்கத்திலிருந்து வந்த என் மாமியார், கனித்தட்டில் பழமும் கண்ணாடியும் நகையும் அடுக்கியபடியே பலகையை ஒரு பார்வை பார்த்தார். "கனி ஒரு நாள் விடியக்காலையில பாக்கறதுக்கு வெக்கறது கண்ணு. வருசம் பூராச் செவுத்துல தொங்குனா அது கண்ணுல படுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் படவில்லை. இரண்டாவது மாதத்துக்குப் பிறகு டால் ஏரி, சுவரின் நிறத்தில் கரைந்துவிட்டது. கண்ணில் பட்டதெல்லாம் வலது கீழ் மூலைதான். அங்கே கனவு எதுவும் இல்லை. மின்கட்டணச் சீட்டு, கொத்தனார் சொன்ன கூலி, இதுவரை வாங்கிய சிமென்ட் மூட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை குத்தியிருந்தன. வாரம் ஒரு முறையாவது அந்தச் சீட்டுகளை மாற்றுவேன். அந்த மூலையின் பின்கள் மட்டும் துருப்பிடிக்கவே இல்லை. இதில் தத்துவம் தேடும் பொறுமை எனக்கில்லை. அடிக்கடி எடுத்துத் துடைத்த இரும்பு துருப்பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆனால் களம் அந்த மூலையிலிருந்துதான் வந்தது என்பதை மறுக்க முடியாது. ஃபாம், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னர் படித்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதையே கற்பனை செய்தவர்கள் கூடுதலாகப் படித்து, கூடுதலாக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளரோ, ஆசையின் பக்கத்திலேயே அதற்கான தடையையும் எழுதி வைக்கச் சொல்கிறார். என் பலகையில் தடையை எழுதும் வேலையைத் துருவே பார்த்துக்கொண்டது. 30 அடிக்கு 20 அடி என்று நினைத்த களம், 20 அடிக்கு 15 அடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் இந்தப் பறிப்பில் தார்ப்பாயை இழுத்து இழுத்து இடுப்பு ஒடியவில்லை. டால் ஏரிக்கு மட்டும் இன்னும் போகவில்லை. இருக்கிற ஏரியில் படகு விட்டால் போதாதா என்று வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கேட்கிறார்.

பின்னுக்கு மாற்று, சென்ற கார்த்திகையில் வேலியோரத்து எலுமிச்சை மரத்திலிருந்து கிடைத்தது. நன்றாகக் காய்ந்த முள் கார்க்கில் கச்சிதமாக இறங்குகிறது, படத்தில் கறையும் விழுவதில்லை. சட்டத்தின் பின்னால் இரண்டு மரச்சில்லுகளை வைத்து, சுவரிலிருந்து விரற்கடை இடைவெளியில் தொங்கவிட்டிருப்பதால் முதுகும் ஓரளவு காய்கிறது. டால் ஏரி மட்டும் பசைநாடாவில் இருந்தது, விழுந்தது. இப்போது அதற்கும் முள்தான்.

தோழிக்கு நான் சொன்ன பதிலை மாற்றவில்லை. சேலத்து வீட்டில் ஒரு இரும்பு பீரோவும் நான்கு காந்தமும் போதும். ஆனால் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு, சித்திரைக்குள் எனக்கு ஒரு புதுப் பலகை வாங்கி மலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூட ஒரு பெட்டி பின் இலவசமாகத் தந்தால், அதைக் கடையிலேயே விட்டுவிடச் சொன்னேன்.