பிளைண்ட் ஃபெய்த்: வினைல் வாங்கலாமா, இரட்டை சிடியா?

எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெச் நால்வரும் 1969-இல் பிளைண்ட் ஃபெய்த் என்ற ராக் இசைக்குழுவாகச் சேர்ந்து, அதே ஆண்டிலேயே பிரிந்தார்கள். மிஞ்சியது ஒரே ஆல்பம். எந்த வடிவில் வாங்குவது என்று பலர் குழம்புகிறார்கள்.

பாடல்கள்: வினைலில், அதாவது இசைத்தட்டில், ஆறுதான். 2001-இல் வந்த இரட்டை சிடியில் அந்த ஆறோடு, வெளிவராத பதிவுகளும் முன்திட்டமின்றிச் சேர்ந்து வாசித்த நீண்ட ஜாம்களும் உண்டு.

விலை: பழைய முதல் பதிப்பு வினைல் கையைக் கடிக்கும். சிடி அவ்வளவு இல்லை.

கேட்கும் சுகம்: இங்கேதான் என் மனம் வினைல் பக்கம் சாய்கிறது. முதல் பக்கம் கிளாப்டன் எழுதிய 'பிரசன்ஸ் ஆஃப் த லார்ட்' பாட்டோடு முடியும். நடுவில் சட்டென்று வேகமெடுக்கும் அந்த கிட்டாரைக் கேட்டபின் கொஞ்சம் மௌனம் வேண்டும். தட்டைத் திருப்பும் நேரம் அதைத் தருகிறது. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் இரண்டே பாடல்கள். பேக்கரின் பாட்டு மட்டும் பதினைந்து நிமிடம்.

சிடியின் ஜாம்கள் சில இடங்களில் இழுக்கும். ஆனால் வின்வுட்டின் 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்' பாட்டின் எலக்ட்ரிக் வடிவம் அதில்தான் இருக்கிறது.

முதன்முறை கேட்பவருக்கு வினைல், புதிய மறுபதிப்பே போதும். இசைக்கருவி வாசிப்பவர் சிடியை எடுக்கலாம்.