புது வீல் சிலிண்டர் என்று பில், உள்ளே இருந்தது பெயின்ட் அடித்த பழையது

காரின் பின்பக்க டிரம் பிரேக்கில் இரண்டு வீல் சிலிண்டரையும் (பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் சிறு உருளை, சக்கரத்துக்கு ஒன்று) மாற்றியதாகச் சொல்லி என்னிடம் காசு வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் பிரேக் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது. குனிந்து பார்த்தேன். இடது பின் டயரின் உட்புறம் முழுக்க ஈரம், தொட்டால் வழுவழுவென்று பிரேக் ஆயில். அந்தக் காரில்தான் தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்.

வேறொரு மெக்கானிக்கிடம் போய், டிரம்மை என் கண் முன்னால் கழற்றச் சொன்னேன்.

சிலிண்டர் வெள்ளி நிறத்தில் பளபளத்தது. ஆனால் அதே பெயின்ட் பிளீடர் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) மேலும், பக்கத்துத் தகட்டின் மேலும் வழிந்திருந்தது. கழற்றாமலேயே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். ஓரத்து ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் ஆயில் சொட்டியது. பிஸ்டன்களை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்சுவரில் பழுப்பாகத் துருக்குழிகள், நகம் வைத்தால் மாட்டுகிறது. ஆயில் கசியாமல் பிஸ்டனை அடைக்கும் கப் ரப்பர்கள் மட்டும்தான் புதுசு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளேயே அரிக்கும். சுவர் வழவழப்பாக இருந்தால் கப் மட்டும் மாற்றுவதில் தப்பில்லை, நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள்தான். குழி விழுந்த சுவரில் எவ்வளவு புது கப் போட்டாலும் பிஸ்டன் போய் வரும்போது உரசிக் கிழிந்துவிடும். இது அந்தப் பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

வலது பக்கத்தை அவர்கள் திறக்கவே இல்லை. பழைய தூசி அப்படியே அப்பிக் கிடந்தது.

எனக்கு அதிகம் பயம் தந்தது பிரேக் ஷூதான், அதாவது டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த பாகம். ஆயிலில் ஊறிய லைனிங்கை (ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள். லைனிங்குக்குள் இறங்கிய ஆயில் தேய்த்தால் போகாது, சூடு ஏறும்போது திரும்பவும் கசிந்து மேலே வரும். அப்புறம் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் வண்டியின் பின்புறம் சுற்றிவிடலாம். இப்படி நனைந்த ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெடல் மெத்து மெத்தென்று உள்ளே போனது. பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "புது சிலிண்டர் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். செட் ஆகாது. அது குழாயில் மாட்டிய காற்று. அதை வெளியேற்ற, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன் மூட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மேலே டப்பாவில் ஆயில் காலியாகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி காற்று ஏறிவிடும். பெடல் கல் மாதிரி நிற்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பழைய பாகத்தைக் கேட்டபோது "குப்பையில் போட்டாச்சு" என்றார்கள், அதையும் நம்பினேன். வேலைக்கு விடும்போதே பழையதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், டிரம்மை மூடும் முன் போய்ப் பாருங்கள்.

கழற்றிய சிலிண்டரோடு பழைய பட்டறைக்குப் போனேன். "கப் மாத்தினா புதுசு மாதிரிதான்" என்றார். பில்லில் கப் என்ற வார்த்தையே இல்லை, "வீல் சிலிண்டர் 2" என்றுதான் இருக்கிறது. வலது பக்கம் எங்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. காசும் இன்னும் வரவில்லை. பில்லையும் அந்தச் சிலிண்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கப் போகிறேன்.

இரண்டு பக்கமும் புது சிலிண்டர், புது ஷூ, புது ஆயில் போட்டாயிற்று. இப்போது பெடல் மேலேயே நிற்கிறது.