எலி தலைச் சிலுப்பலை எண்ண ஒரு பழைய போன்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய மாடல், ஓரத்தில் கீறல், ஆனால் ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் எடுக்கும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். “ரீல்ஸ் எடுக்கவா மக்களே?” என்றார் கடைக்காரர். இல்லண்ணே, எலியைப் பிடிக்க என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ஒரு கவரைச் சும்மா கொடுத்தார்.

விஷயம் இதுதான். எம்.பார்ம் ப்ராஜெக்டில் சுண்டெலிக்கு 5-ஹெச்டிபி ஊசி போடுகிறோம். மூளையில் நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்துகிற செரடோனினை நேராகப் போட்டால் மூளைக்குள் போகாது, இது உள்ளே போய் செரடோனினாக மாறும். கொஞ்ச நேரத்தில் எலி, நனைந்த நாய் மாதிரி தலையை மட்டும் சட்டென்று சிலுப்பும். அதை எண்ணுவதுதான் வேலை, 1963-லேயே வந்த முறை. ஃப்ளூவாக்ஸடீன் முதலில் கொடுத்தால் செரடோனின் திரும்ப உறிஞ்சப்படாமல் தேங்கி, சிலுப்பல் கூடும். மிர்டசபீன் கொடுத்தால் குறையும், ஏனென்றால் செரடோனின் வந்து ஒட்டிச் சிலுப்ப வைக்கிற இடமான 2ஏ ஏற்பியையே அது அடைத்துவிடுகிறது. இரண்டும் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், எலித் தலையில் மட்டும் எதிரெதிர்.

ஒரு சிலுப்பல் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் தலை இடமும் வலமுமாக நொடிக்குத் தொண்ணூறு தடவை என்கிற வேகத்தில் ஆடும். பழைய வெப்கேமில் நொடிக்கு முப்பது படம், அதில் இரண்டு மூன்று மங்கல் படம்தான் தேறும். நானும் தோழியும் ஒரே எலியைப் பார்த்து அவள் 14, நான் 21 என்று எண்ணிச் சண்டை போட்டிருக்கிறோம். பின்னங்காலால் காதைச் சொறிந்ததை எல்லாம் நான் சிலுப்பலாகச் சேர்த்திருந்தேன் என்பது இந்தப் போனில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் வீடியோ முழுக்க வெளிச்சம் துடித்தது, போன் போச்சு என்று கடைக்கே ஓடப் பார்த்தேன். கோளாறு லேப் டியூப் லைட்டில். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு நூறு தடவை மினுக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, 240-க்குத் தெரியும். மழை நாளில் கரண்ட் போனால் ஏற்றுகிற பேட்டரி எமர்ஜென்சி லைட்டை வைத்தேன், சரியாகிவிட்டது. அப்புறம், இருபது நிமிடம் எடுத்தால் பின் பக்கம் தோசைக்கல், ஸ்டோரேஜும் நிரம்பிவிடும். அந்த இருபது நிமிடத்தை நொடிக்கு முப்பது படமாக மெதுவாக ஓட்டிப் பார்க்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும்.

ஊக்கி மருந்து கொடுத்த எலிக்கு இது சுத்தமாகச் சரிவராது. ஆம்பெட்டமைன் போதைப்பொருள் சட்டத்தில் வருவதால் எங்களுக்குக் காஃபீன்தான். காஃபீன் எலி பெட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், ஃபிரேமுக்குள் நிற்காது. எலியை வாலில் தொங்கவிட்டு, அசையாமல் தொங்குகிற நேரம் குறைந்தால் மனச்சோர்வு மருந்து வேலை செய்கிறது என்று கணக்கிடும் சோதனையிலும் இதே வம்புதான், காஃபீன் எலி அசையாமல் தொங்குகிற நேரம் குறைகிறது என்று மனச்சோர்வு மருந்துக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது, சும்மா திறந்த பெட்டியில் எவ்வளவு ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பழைய வெப்கேமே போதும்.

ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்பதை வாரன்டி ஏழு நாள் முடிந்த பிறகுதான் கவனித்தேன். எலி அறையில் போன் அடிக்காமல் இருப்பது நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.