லேப்டாப் சார்ஜர்: ஒரிஜினலா, கம்பேட்டிபிளா, டைப்-சியா?

லேப்டாப் சார்ஜர் போய்விட்டது என்று கடைக்குப் போனால் இரண்டு கேள்விகள் வரும். "எந்த கம்பெனி சார்?" அடுத்தது, "ஒரிஜினல் வேணுமா, சாதா போதுமா?" முதல் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே இரண்டாவதற்கான பதிலும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. டெல் வைத்திருப்பவர் வாங்க வேண்டியது ஒன்று, ஏசர் வைத்திருப்பவர் வாங்க வேண்டியது இன்னொன்று. டைப்-சியில் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் கதையே வேறு.

வோல்ட், ஆம்பியர் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பழைய அடாப்டரின் அடியில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்க 65 வாட். புதியதில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 65 வாட் லேப்டாப்புக்கு 90 வாட் சார்ஜர் போட்டால் போர்டு எரிந்துவிடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எரியாது, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். வாட் குறைந்தால்தான் தொல்லை. அடாப்டர் அடுப்பாகச் சுடும், பேட்டரி ஏறாது, சிலவற்றில் லேப்டாப்பே மெதுவாகிவிடும்.

இனி லேப்டாப்பில் சொருகும் முனை.

ஊசி இருக்கிறதா, இல்லையா

டெல் சார்ஜரின் முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பழைய மாடல்களில் 7.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெரிய முனை, புதியவற்றில் 4.5 மில்லிமீட்டர் முனை. இரண்டிலும் நட்டநடுவில் ஊசி போல மெல்லிய கம்பி ஒன்று நிற்கும். மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை. அடாப்டருக்குள் இருக்கும் குட்டிச் சிப் ஒன்று "நான் டெல், 65 வாட்" என்று லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல் வழி அது. அந்தத் தகவல் வரவில்லை என்றால் லேப்டாப் ஆன் செய்யும்போதே அடாப்டரின் வாட்டும் வகையும் தெரியவில்லை என்று திரையில் காட்டும். பேட்டரி சார்ஜ் ஆகாது, பிராசசர் வேகத்தையும் இறக்கிவிடும். மின்சாரம் என்னவோ ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கும்.

டெல்லுக்கு மலிவு சார்ஜர் வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதனால்தான். சில கம்பேட்டிபிள் சார்ஜர்களில், அதாவது வேறு கம்பெனி பொருந்தும்படி செய்து விற்பவற்றில், சிப் சரியாக இருக்கும், சிலவற்றில் ஒப்புக்கு இருக்கும், சில மாதங்களில் பேச்சை நிறுத்திவிடும். ஒரிஜினலிலும் இதே செய்தி வரக்கூடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஊசி வளைந்தாலோ, கேபிளுக்குள் போகும் மெல்லிய தகவல் கம்பி மட்டும் அறுந்தாலோ, லேப்டாப்பின் ஜாக் ஆடிப்போனாலோ அதே கதைதான். அந்தச் செய்தியைப் பார்த்தவுடன் "டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்று கிளம்பிவிடாமல், வேறொரு டெல் அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எச்பியின் நீல முனையிலும் நடுவில் இப்படி ஒரு பின் உண்டு. லெனோவோவின் மஞ்சள் நிறச் செவ்வக முனை இந்த வேலையை ரெசிஸ்டர் என்ற ஒரு மின்தடையை வைத்தே முடித்துக்கொள்கிறது. அந்த ரெசிஸ்டரின் அளவுதான் வாட்டைச் சொல்லும். ரெசிஸ்டரைக் காப்பியடிப்பது சுலபம். அதனால் லெனோவோவுக்குக் கம்பேட்டிபிள் சார்ஜர் வாங்கித் தொல்லைப்படுபவர்கள் டெல் அளவுக்கு இல்லை.

ஏசர், ஆசுஸ் லேப்டாப்களின் சாதாரண உருளை முனையில் ஊசியும் இல்லை, பேச்சும் இல்லை. உள்ளே பிளஸ், வெளியே மைனஸ், அவ்வளவுதான். ஆனால் இங்கே அளவு கழுத்தை அறுக்கும். ஏசரில் பரவலாக இருப்பது வெளிவிட்டம் 5.5, உள்விட்டம் 1.7 மில்லிமீட்டர் முனை. பழைய ஆசுஸில் 5.5, 2.5. ஆசுஸ் முனை ஏசரில் நுழைந்துவிடும், லைட்டும் எரியும். உள்ளே தொளதொளவென்று உட்கார்ந்து, ஆடும்போதெல்லாம் பொறி தட்டி, ஜாக்கைக் கருக்கிவிடும். "போகுது சார், பாருங்க" என்று கடைக்காரர் சொருகிக் காட்டுவதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொருகிய பிறகு லேசாக அசைத்துப் பாருங்கள்.

ஒரிஜினல், பழைய ஒரிஜினல், கம்பேட்டிபிள்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாங்கும் ஒரிஜினலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று விற்கப்படுவதில்தான் சந்தேகம். லோகோவை அச்சடிப்பதற்குச் செலவே கிடையாது. கையில் எடுத்தவுடன் எடையைக் கவனியுங்கள். அதே வாட்டுக்குப் பழையதைவிடக் கண்கூடாக இலேசாக இருந்தால் உள்ளே ஃபில்டரும் பாதுகாப்புக்கான பாகங்களும் மிச்சம் பிடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். லேபிளில் எழுத்துப்பிழை இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

இந்தியாவில் விற்கும் அடாப்டர்களுக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். லேபிளில் அந்த முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். டெல் அடாப்டருக்குத் தேடும்போது டெல்டா, லைட்-ஆன், சிகோனி என்று ஏதாவது பெயர் வந்தால் பதற வேண்டாம். பெரிய பிராண்டுகளுக்கு அடாப்டர் செய்து கொடுப்பவர்களே இவர்கள்தான். எண்ணே கிடைக்கவில்லை என்றாலோ, அது சம்பந்தமே இல்லாத பொருளைக் காட்டினாலோ முடிவு உங்களுக்கே தெரியும்.

என் ஓட்டு பழைய ஒரிஜினலுக்குத்தான், குறிப்பாக டெல், எச்பி வைத்திருப்பவர்களுக்கு. நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்களோடு வரும் அடாப்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் உள்ளது போன்ற செகண்ட்ஹேண்ட் கடைகளில் கிடைக்கின்றன. புது காப்பியைவிட நாள்பட்ட ஒரிஜினலை நான் நம்புவேன். சிப் சரியானது, உள்ளே இருக்கும் பாகங்கள் தரமானவை. பார்த்து வாங்க வேண்டியது கேபிளைத்தான். முனைக்குப் பக்கத்திலும் பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்திலும் விரலால் வளைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, டேப் சுற்றியிருந்தாலோ, உள்ளே கம்பி நெளிவது தெரிந்தாலோ வேண்டாம். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது, கருகல் வாடை இருக்கக்கூடாது.

கம்பேட்டிபிள் என்று சொல்லப்படுவதிலும் இரண்டு ஜாதி உண்டு. தன் சொந்தப் பெயரைப் போட்டு, பிஐஎஸ் எண்ணோடு, பில்லும் வாரண்டியும் கொடுத்து விற்கும் லேப்கேர் போன்ற பிராண்டுகள் ஒன்று. டெல் என்றோ எச்பி என்றோ லோகோவைத் திருடி ஒட்டிக்கொண்டு பில் இல்லாமல் வருவது மற்றொன்று. முதல் வகையை ஏசர், ஆசுஸ், லெனோவோ லேப்டாப்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது வகையை எதற்கும் வாங்கக்கூடாது. பெயரிலேயே பொய் சொல்பவர் உள்ளே கெப்பாசிட்டர் வைப்பதில் உண்மையாக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. மோசமான காப்பிகளில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 19 வோல்ட் பக்கத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைக்கூட விட்டிருக்க மாட்டார்கள். கெட்டுப்போனால் லேப்டாப்போடு மட்டும் போகாது, தொடும் ஆளையும் சேர்த்துப் பார்க்கும்.

ஒரு டப்பா நிறைய முனைகளோடு, வோல்ட்டை நாமே திருப்பி வைக்கும் யுனிவர்சல் சார்ஜர்? கை தவறி 24 வோல்ட்டில் இருந்தால் போர்டு காலி. டெல்லுக்குத் தேவையான சிப் பேச்சும் பெரும்பாலும் இருக்காது. இதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

டைப்-சி

உங்கள் லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஏற்கும் என்றால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். அதற்கு முன் ஏற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஏறிவிடாது. சிலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். போர்ட்டின் பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி படம் இருந்தால் நல்ல அறிகுறி. மின்னல் படம் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பைக் குறிப்பது. சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைப் போட்டு மேனுவலைப் பார்ப்பதே சரி.

இங்கே சார்ஜரும் லேப்டாப்பும் பவர் டெலிவரி என்ற பொது மொழியில் முதலில் பேசி முடித்த பிறகே 20 வோல்ட் வரும். பிராண்டு சிப் தகராறு பெரிய அளவில் கிடையாது. கேன் (GaN, கேலியம் நைட்ரைடு) வகை 65 வாட் சார்ஜர் ஒன்று போனையும் லேப்டாப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், கையடக்கமாகவும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியிருப்பதால், இன்று வாங்குவது அடுத்த லேப்டாப்புக்கும் உதவும்.

ஏமாறும் இடங்கள் மூன்று. ஒன்று கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் சிப் வைத்த கேபிள் வேண்டும். 100 வாட் அல்லது 240 வாட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இரண்டாவது, போன் சார்ஜர். 67 வாட், 80 வாட் என்று பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்த போன் கம்பெனியின் தனி மொழிக்கான கணக்கு. லேப்டாப்பைப் போட்டால் அதில் ஒரு பங்குதான் வரும், அல்லது ஒன்றுமே வராது. மூன்றாவது, பல போர்ட் உள்ள சார்ஜர். 65 வாட் என்பது ஒரு போர்ட்டை மட்டும் பயன்படுத்தும்போது. பக்கத்தில் போனைச் சொருகியதும் லேப்டாப்புக்கு 45 ஆகக் குறையலாம். பிரித்துக் கொடுக்கும் அந்த நொடியில் சார்ஜ் அறுந்து மறுபடி வரும். அது பழுது அல்ல.

கேமிங் லேப்டாப்காரர்களுக்கு இது மாற்று அல்ல. 180, 230 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு 100 வாட் டைப்-சி ஊருக்குப் போகும்போது மெயில் பார்க்க உதவும், விளையாட உதவாது. உருளை முனை மட்டுமே உள்ள லேப்டாப்புக்கு டைப்-சியிலிருந்து மாற்றும் கேபிள்களும் கிடைக்கின்றன. அவை சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கிக் கொடுக்கும். பயணத்துக்குச் சரி, தினசரி வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையிலேயே சார்ஜர்தானா?

காசு கொடுப்பதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மூன்று துளைப் பவர் கார்டு மட்டுமே போயிருக்கலாம். அதன் விலை அடாப்டரில் ஒரு சிறு பங்குதான். பெட்டியின் லைட் எரிந்து, லேப்டாப்பில் சொருகியவுடன் அணைகிறதா? வேறொரு நல்ல சார்ஜரும் அப்படியே அணைந்தால் ஷார்ட் போர்டில் அல்லது ஜாக்கில் இருக்கிறது, புது சார்ஜர் வாங்கிப் பயனில்லை. முனையை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறினால் ஒன்று கேபிள், இல்லை ஜாக்.

சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் எதுவும் கெடவில்லை. லெனோவோ வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோடு, மைஆசுஸ் செயலியில் பேட்டரி பாதுகாப்பு, எச்பியில் பயாசுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ்) பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்று, பேட்டரி நாள்பட உழைக்க சார்ஜைப் பாதியில் நிறுத்தும் வசதியை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். யாரோ ஆன் செய்திருப்பார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி பக்கம் வைத்து, சிவப்பை முனையின் உட்சுவரிலும் கறுப்பை வெளிச்சுவரிலும் வையுங்கள். டெல், எச்பி என்றால் நடு ஊசியைத் தொடக்கூடாது. ஊசியையும் உட்சுவரையும் சேர்த்து ஷார்ட் செய்தால் சிப் போய்விடும். 19 சொச்சம் காட்டினால் பாதிதான் பாஸ். லோடு இல்லாமல் சரியாகக் காட்டிவிட்டு, லேப்டாப் இழுக்கும்போது விழுந்துவிடும் அடாப்டர்கள் உண்டு. டைப்-சி சார்ஜரில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுமுனையில் ஒரு கருவி இருப்பது தெரியும்வரை அது மின்சாரத்தை விடாது. அதைச் சோதிக்க போனை மாட்டிப் பார்ப்பதே போதும்.

மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொட்டால் குறுகுறுவென்று இருக்கிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றிச் சொருகியிருந்தாலோ, வீட்டில் எர்த் சரியில்லை என்றாலோ அடாப்டரின் ஃபில்டரிலிருந்து கசியும் சின்ன மின்சாரம் அது. சார்ஜரை மாற்றும் முன் எர்த் உள்ள வேறொரு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் கொண்டு போங்கள், பேட்டரியை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு. நிறைந்த பேட்டரியோடு போனால் எந்த சார்ஜரும் நல்ல சார்ஜராகத்தான் தெரியும். அங்கேயே ஒரு வீடியோவை ஓடவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் சதவீதம் ஏறுகிறதா, பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதா என்று பாருங்கள். டெல் என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து எஃப்2 அழுத்தி, பயாசில் அடாப்டரின் வாட் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பில்லில் மாடல் எண்ணும் வாரண்டி மாதமும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம்.