ரகசிய கட்-ஆஃப் சுவிட்ச் என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை

காருக்குத் திருட்டுப் பயத்தில் கட்-ஆஃப் சுவிட்ச் (எஞ்சினுக்கான கரண்டைத் துண்டித்து வண்டியை ஓடவிடாமல் செய்கிற மறைவான சுவிட்ச்) போடலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டில் இடமில்லாமல் தெருவிலேயே வண்டியை விடுகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடை பெயரை எழுதப்போவதில்லை. மூலக்கடை பக்கம் ஒரு கார் ஆக்சசரீஸ் கடை, அவ்வளவுதான்.

வண்டி பழைய வேகன்ஆர். பக்கத்துத் தெருவில் ஒருத்தருடைய கார் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனதும் வீட்டில் நச்சரிப்பு தாங்கவில்லை. கடைக்காரர் 4,500 கேட்டார். சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் ஆஃப் செய்கிற பெட்டி), ஃபியூஸ், ஒரு வருஷ வாரன்டி எல்லாம் சேர்த்து. அதோடு, "ஏஆர்ஏஐ சர்ட்டிஃபிகேட்டு தர்றேன்ணா, இன்சூரன்ஸ்ல பாதி காசு திரும்பி வந்துடும், கவலையே படாத" என்றார். இதை முதலில் முடித்துவிடுகிறேன். புனேயில் இருக்கிற வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ ஒப்புதல் கொடுத்த திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதம், திருட்டுக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம் குறைப்பார்கள், அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகாது. அந்த ஒப்புதல் கம்பெனி தயாரித்த கருவிக்குத்தான், கடையில் கையால் வயர் இழுத்து மாட்டுகிற சுவிட்சுக்கு இல்லை. இவர் கொடுத்த 'சர்ட்டிஃபிகேட்' அவர் கடை பெயரிலேயே கலர் பிரின்ட் போட்ட ஒரு காகிதம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, காசு போனால் போகிறது. வேலை?

காசிமேடு தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் திருவொற்றியூர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரி, அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும் டிரெய்லர்காரர்கள் எவ்வளவு ஒட்டி வருவார்கள் என்று, எந்த அறிகுறியும் இல்லாமல் எஞ்சின் ஆஃப். ஸ்டீயரிங் கனத்துவிட்டது. பிரேக் முதல் மிதிக்குப் பிடித்தது, அடுத்தடுத்த மிதிக்குக் கட்டையாகிவிட்டது, ஏனென்றால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பதே ஓடுகிற எஞ்சின்தான். பின்னால் வந்த லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த நாள் வியாசர்பாடி மேம்பாலத்தில் மறுபடியும் அதே கதை.

புளியந்தோப்பில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் ஒருத்தர் இருக்கிறார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், "இன்னாபா இது, கல்யாண வூட்டு சீரியல் லைட்டு கணக்கா முறுக்கி வெச்சிருக்கான்" என்றார். எட்டிப் பார்த்தேன். ஃபியூயல் பம்ப்புக்குப் போகிற வயரை வெட்டி, இரண்டு முனையிலும் மெல்லிசு வயரை விரலால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். சால்டரிங் இல்லை, இணைப்பை மூடுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் இல்லை. வெயில் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது, கடல் காற்றுக்கு உள்ளே செம்பு பச்சை பிடித்துவிட்டது, ஒரு இடத்தில் வயரின் மேல்தோல் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. ரிலேயும் இல்லை, ஃபியூஸும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள்.

சுவிட்சைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 3 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று இருக்கிறது. வீட்டுக் கரண்டுக்கான கணக்கு அது. கார் பேட்டரியில் ஓடுவது டிசி, கான்டாக்ட் பிரியும்போது தீப்பொறி சீக்கிரம் அணையாது, உள்ளே கருகிக்கொண்டே வரும். பம்ப்புக்குப் போகிற மொத்தக் கரண்டும் இந்தக் குட்டிச் சுவிட்ச் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

முறையாகச் செய்தால் சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும்தான் ஆன் ஆஃப் செய்யும், பம்ப் கரண்ட் ரிலே வழியாகப் போகும். ரிலே காலில் 30, 85, 86, 87, 87ஏ என்று நம்பர் போட்டிருப்பார்கள். 85, 86 காயில். காயிலில் கரண்ட் இருந்தால் 30 போய் 87-ஐத் தொடும், இல்லாவிட்டால் 87ஏ-வைத் தொடும். பம்ப் வயரை 30-க்கும் 87-க்கும் கொடுத்தால், சுவிட்சுக்குப் போகிற வயர் எங்காவது கழன்றால்கூட ஓடுகிற வண்டி நின்றுவிடும். 87-க்குப் பதில் 87ஏ-வில் கொடுத்தால் கழன்றாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். திருடன் அந்த வயரைக் கண்டுபிடித்துப் பிடுங்கினால் அவனுக்கும் ஓடும், அது உண்மைதான். ஆனால் லாரிக்கு முன்னால் நின்று பார்த்த பிறகு எனக்கு 87ஏ போதும். காயிலுக்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற இக்னிஷன் லைனிலிருந்து கரண்ட் எடுத்து நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டுவிட்டால், நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரியும் இறங்காது.

ஸ்டார்ட்டரை மட்டும் கட் பண்ணுகிற முறையும் இருக்கிறது, ஓட்டத்தில் நிற்கவே நிற்காது. ஆனால் கியர் வண்டியை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். அப்புறம், ரெக்கவரி வண்டி கொண்டுவந்து தூக்கிக்கொண்டு போகிறவனை இந்த சுவிட்ச் எதுவும் நிறுத்தாது.

எனக்கு இதைவிட எரிச்சல் வேறு. ரகசியம் என்று சொல்லிவிட்டு, பின் கண்ணாடியில் கடை பெயரோடு 'திருட்டுப் பாதுகாப்பு பொருத்தப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடையில் போட்ட இன்னும் இரண்டு வண்டியை பாய் பார்த்திருக்கிறாராம், எல்லாவற்றிலும் சுவிட்ச் ஒரே இடத்தில், ஸ்டீயரிங் தண்டுக்கு வலது பக்கம் கீழே. ஸ்டிக்கரைப் பார்த்தவன் நேராக அங்கேதான் கையை விடுவான். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், வயரிங் நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வருகிறேன் என்று போகாதீர்கள். கடைப் பையனுக்குத் தெரிந்த சுவிட்சுக்கு ரகசியம் என்று பேர் வைப்பதில் அர்த்தமே இல்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "வாரன்டி சுவிட்சுக்குத்தான் சார், வயரிங்குக்கு இல்ல." காசு வாங்கும்வரை அண்ணா, அதற்கப்புறம் சார். பில் கேட்டபோதே ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார்கள். அதையும், சுவிட்ச், வயர் போட்டோக்களையும் வைத்து நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்துவாங்கிய விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அந்தப் பக்கம் சுவிட்ச் போட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங் கீழ் கவரைக் கழற்றிப் பாருங்கள். ரிலே இல்லாமல் கறுப்பு டேப் உருண்டை மட்டும் தெரிந்தால், நல்ல எலக்ட்ரீஷியன் ஒருத்தர் கை வைக்கும்வரை எண்ணூர் ரோட்டுப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.