செயின் ரிவெட் கருவி: ஒரு ஊசி வளைந்த பிறகு எழுதுவது

நான் மருந்து கம்பெனி ரெப். தேனியிலிருந்து போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மாதம் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் பைக்கில் ஓட்டம். வண்டி 200 சிசி, செயின் 520 என்ற அளவு, உள்ளே கிரீஸ் வெளியேறாமல் தடுக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் வைத்தது. இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணியில் (லாக்) கழற்றி மாட்டும் கிளிப் கிடையாது, ரிவெட் லாக்தான், அதாவது கண்ணியின் பின் (pin) முனையை விரித்துப் பூட்டுவது. அதற்காக ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு வாங்கிய கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். செயினை வெட்டலாம், தகட்டை அழுத்தலாம், ரிவெட்டும் விரிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். மூன்றும் நடந்தது. வெட்டும்போது மட்டும் வயிற்றெரிச்சல்.

ரெப்புக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். போன முறை ஒரு பட்டறையில் செயின் மாற்றியபோது ரிவெட் அடிக்க இரண்டு சுத்தியல்தான் எடுத்தார்கள். ஒன்றைப் பின்பக்கம் அணை கொடுத்து, இன்னொன்றால் நாலு தட்டு. "ஓடும் சார், பயப்படாதீங்க." ஓடியது, நாலு மாதம். உத்தமபாளையம் தாண்டி வயலோரமாக வரும்போது டப்பென்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடக்கிறது. சக்கரத்தில் சிக்காமல் வெளியே விழுந்ததே பெரிய புண்ணியம். சாம்பிள் பையோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். வேறு லாக் போட்டு அந்தச் செயினை ஓட்டி முடித்தேன். அடுத்ததை நானே மாட்டுவது என்று அன்றைக்கே முடிவு.

கருவி நல்ல கனம். சி வடிவ உடல், பெரிய போல்ட், தள்ளும் ஊசி இரண்டு, தகடு அழுத்தும் கட்டைகள், ரிவெட் விரிக்கும் கூம்பு முனை. கூட வந்த தாளில் படங்கள் தபால்தலை அளவில் இருக்கின்றன. முக்கியமான விஷயம் அதில் இல்லவே இல்லை.

அது இதுதான்: ரிவெட் தலையைத் தேய்த்து எடுக்காமல் பின்னைத் தள்ளக் கூடாது. விரிந்த தலை தகட்டின் ஓட்டையைவிட அகலம், எப்படி வெளியே வரும்? நான் தெரியாமல் போல்ட்டை முறுக்க, முதல் ஊசி வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. அப்புறம் பக்கத்து வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் வைத்துத் தலையைத் தகடு மட்டத்துக்குத் தேய்த்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது ஊசி வாழைப்பழத்தில் ஏறுவது போல ஏறியது.

பல்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். முன் பல்சக்கர நட்டைப் பழைய செயின் கிடக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். மச்சான் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நான் ஸ்பேனரில் தொங்கினேன். செயினைக் கழற்றிவிட்டால் அந்தப் பல்சக்கரம் சும்மா சுற்றும்.

புதுச் செயினில் 120 கண்ணி. எனக்குத் தேவை 114. பழசைப் பக்கத்தில் கிடத்தி நீளம் பார்த்து வெட்டாதீர்கள், தேய்ந்த செயின் நீண்டிருக்கும், ஏமாற்றிவிடும். எண்ணுங்கள். நானும் மச்சானும் ஆளுக்கொரு முறை எண்ணினோம், அவருக்கு 113 வந்தது. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒற்றைப்படை வரவே வராது என்று சொல்லி மறுபடி எண்ண வைத்தேன்.

கருவி காசுக்குத் தகுதி என்று காட்டியது இணைக்கும்போதுதான். இரண்டு முனைகளையும் பின் பல்சக்கரத்தின் மேல் வைத்தால் பற்களே பிடித்துக்கொள்கின்றன. லாக்கோடு நாலு ஓ-ரிங்கும் ஒரு சின்ன கிரீஸ் பாக்கெட்டும் வரும். கிரீஸைத் தாராளமாகத் தடவி, லாக்கின் பின் ஒவ்வொன்றிலும் உள்கண்ணிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ரிங்கைப் போட்டு, கட்டையால் தகட்டை மெதுவாக அழுத்தினேன். பக்கத்துக் கண்ணியின் அகலம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், வெர்னியர் என்ற அளவு கருவி வைத்துப் பார்த்தேன். அதிகம் அழுத்தினால் ரிங் நசுங்கும், அந்த ஒரு கண்ணி மடங்காமல் விறைத்து நிற்கும்.

பிறகு கூம்பு முனை. கால் திருகு, அளவு பார். மறுபடி கால் திருகு. என் செயினோடு வந்த தாளில் விரிந்த தலை 5.5 முதல் 5.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு 5.6, 5.65 வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், விளிம்பில் கீறல் இல்லை. கீறல் இருந்தால் அந்த லாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறுதான் வாங்க வேண்டும். சுத்தியல் அடித்த போன லாக்கின் தலை ஒரு பக்கம் சப்பையாக, இன்னொரு பக்கம் விரியாமலே இருந்தது ஞாபகம் வந்தது.

ஐந்துக்கு மூன்றரை. வளைந்த ஊசிக்கு ஒன்று, அந்தத் தாளுக்கு அரை கழித்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு செயின் தேயும் என்னைப் போன்றவர்களுக்குச் சரி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுபவர், சரியான கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போவதுதான் லாபம். 428 என்ற சின்ன அளவுச் செயினில் கிளிப் லாக் உள்ள வண்டிக்காரருக்கு ரிவெட் முனை தேவையே இல்லை, ஒரு பிளையர் போதும். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது 3,400 கிலோமீட்டர் ஆகிறது. தொய்வு ஒரு முறை சரி செய்தேன். லாக் எங்கே இருக்கிறது என்று தேடாமலிருக்க, வீட்டம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை அந்தத் தகட்டில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைச் சுற்றி அந்தப் பொட்டை முதலில் பார்க்கிறேன்.